பற்றுச்சீட்டு எங்கே, ராத்தா?

 

உங்கள் வீட்டு அலுமாரியை ஒரு தடவை திறந்து பாருங்கள். நிக்காஹ் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், பாஸ்போர்ட் எல்லாம் ஒரு பைக்குள் பத்திரமாக இருக்கும். நல்லது. ஆனால் போன வருடம் வாங்கிய பிரிட்ஜின் பற்றுச்சீட்டு எங்கே? கிரைண்டரோடு தந்த வாரண்டி காட் எங்கே? பெட்டியோடு சேர்த்துக் குப்பைக்குப் போயிருக்கும், அல்லது பிள்ளைகள் கப்பல் செய்து விளையாடியிருப்பார்கள். பொருள் ஒழுங்காக ஓடும் வரை இதனால் ஒன்றும் குடி முழுகிப் போவதில்லை. ஓடாமல் நின்ற அன்றுதான் அந்தத் துண்டுக் காகிதத்தின் பெறுமதி தெரியவரும்.

இந்த மாதம் ஒரு தையல் மெஷினின் கதையைச் சொல்லப் போகிறேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சகோதரி இருக்கிறார். கணவருக்குச் சுகமில்லை. மூன்று பிள்ளைகள். அவரது தையலில்தான் அடுப்பு எரிகிறது. உம்மா காலத்துக் கால்மெஷினை மிதித்து மிதித்து முழங்கால் வலி வந்துவிட்டதால், இரண்டு வருடம் கட்டிய சீட்டுச் சல்லியை எடுத்துக் கொண்டு கரண்டில் ஓடும் புதுமெஷின் ஒன்று வாங்கப் போனார். கணவரின் குடும்பத்துக்குத் தெரிந்த கடை ஒன்று கொட்டாஞ்சேனையில் இருந்தது. தெரிந்த இடம், ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

வாங்கிய அன்று பில் கேட்டாராம். கடையில் நின்ற தம்பி சிரித்துக் கொண்டே, "எங்கட ஆக்கள்தானே ராத்தா, பில்லு என்னத்துக்கு?" என்று சொல்லி, ஒரு சின்னத் துண்டில் விலையை மட்டும் எழுதிக் கொடுத்தானாம். கடையின் பெயர் இல்லை, திகதி இல்லை, முத்திரை இல்லை. வாரண்டி காட்டில் "ஒரு வருடம்" என்று அச்சடித்திருந்தது, ஆனால் நிரப்ப வேண்டிய கோடுகள் எல்லாம் வெறுமையாகவே இருந்தன. இவரும் மேலே கேட்க வெட்கப்பட்டு வந்துவிட்டார்.

மூன்றாம் கிழமையிலேயே மெஷின் தையல் விடத் தொடங்கியது. நான்கு தையல் விழும், ஐந்தாவது விழாது. நூல் மாற்றினார், ஊசி மாற்றினார், எண்ணெய் விட்டார். பலனில்லை. த்ரீவீலில் ஏற்றிக் கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். ஏதோ திருகித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஓடி, மறுபடி அதே வியாதி. இரண்டாம் முறை மெஷினை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். "வாற கிழமை வாங்க" என்றார்கள். அடுத்த கிழமை போனால், சாமான் வரவேண்டும் என்றார்கள். திருத்தி வாங்கி வந்து பெருநாள் உடுப்புகளைத் தைக்க உட்கார்ந்தபோது மோட்டார் கொதித்து, கருகிய வாடை வந்து நின்றே போய்விட்டது. மூன்றாம் முறை போனபோது சிரித்த முகமும் இல்லை. "ராத்தா, இது வீட்டுப் பாவனைக்கு உள்ள மெஷின். நீங்க பிஸ்னஸுக்கு ஓட்டியிருக்கீங்க. வாரண்டி செல்லாது" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அன்றிரவு என்னிடம் வந்து அழுதார். ஏற்றுக் கொண்ட பதினெட்டு உடுப்புகளில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. "நாளைக்கு யாரு எனக்குத் துணி தருவாங்க?" என்று கேட்டார். சல்லி போனதைவிட, சொல்லுத் தவறிப் போனதே அவருக்குப் பெரிய கவலை.

நான் கேட்ட முதற்கேள்வி, வாங்கி எத்தனை நாள் என்பது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். எண்பத்து நாலு நாள்! என் நெஞ்சு திக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அமைக்கப்பட்டிருக்கிறது. நுகர்வோர் அதிகார சபை என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். கொழும்பு 2, வொக்ஷோல் வீதியில் 27 ஆம் இலக்கத்தில் இதன் தலைமைக் காரியாலயம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு டெலிபோன் எடுத்தும் விபரம் கேட்கலாம். கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் அமைந்திருந்தால், இந்தச் சபை விசாரணை செய்து, வேறு பொருள் தரும்படியோ, சல்லியைத் திருப்பித் தரும்படியோ, நஷ்டஈடு கொடுக்கும்படியோ கட்டளையிட முடியும். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். அதுவும் பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

இப்போது விளங்குகிறதா, சகோதரிகளே? வாரண்டி ஒரு வருடமாக இருக்கலாம். முறைப்பாட்டுக்கு உள்ள காலமோ மூன்றே மாதம். "வாற கிழமை வாங்க, வாற கிழமை வாங்க" என்று பன்னிரண்டு தடவை அலைய விட்டால் போதும், காலம் தானாகவே கடந்துவிடும். கடைக்காரர் வேண்டுமென்றே செய்தாலும் சரி, சோம்பலால் செய்தாலும் சரி, நஷ்டம் நமக்குத்தான். மரியாதைக்காகப் பொறுத்திருந்து உரிமையை இழப்பவர்களில் பெண்களாகிய நாம்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

வெளிநாடுகளில் எப்படி? பக்கத்து இந்தியாவில் 1986 இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019 இல் அதைப் புதுப்பித்தார்கள். அங்கே முறையிட இரண்டு வருட அவகாசம் உண்டு. பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழுதான பொருளை முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுச் சல்லியையும் கேட்கலாம். லண்டனில் இருக்கும் மகள் சொன்னாள், மருமகன் சொன்னார் என்று அந்தக் கணக்கை இங்கே போட்டுவிடாதீர்கள். நமக்குள்ள கணக்கு மூன்று மாதம்.

சரி, "பிஸ்னஸுக்கு ஓட்டினால் வாரண்டி இல்லை" என்று சொன்னார்களே, அது நியாயமா? பல கம்பனிகளின் காட்டில் இந்த நிபந்தனை சின்ன எழுத்தில் இருப்பது உண்மைதான். வீட்டு மெஷினின் மோட்டார் நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் இந்தச் சகோதரி வாங்கும்போதே, "நான் வெளியாக்களுக்குத் தைக்கிறவள், அதுக்கு ஏத்த மெஷினாப் பார்த்துத் தாங்க தம்பி" என்று சொல்லியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ்! அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குக் கைகொடுத்தது.

வெள்ளைக்காரன் காலத்து, 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் இருக்கிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி நாம் வாங்கினால், அந்த வேலைக்குத் தகுந்த பொருளைத் தரும் பொறுப்பு அந்த வியாபாரிக்கு உண்டு என்பது அதில் உள்ள ஒரு விதி. அப்படியில்லாமல், இன்ன கம்பனியின் இன்ன மெஷின்தான் வேண்டும் என்று பெயர் சொல்லி நாமே தெரிந்தெடுத்தால் அந்தப் பொறுப்பு தளர்ந்துவிடும். ஆகவே கடைக்குப் போனால் பெயரைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போய் அவர் காதுபடச் சொல்லுங்கள். பில்லிலும் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

அன்றிரவே நாங்கள் எழுத உட்கார்ந்தோம். பில் இல்லை, காட்டில் திகதியும் இல்லை. என்ன செய்வது? சகோதரியின் கைப்பையைக் கொட்டிப் பார்த்தபோது, இரண்டாம் முறை மெஷினை ஒப்படைத்தபோது தந்த துண்டு கிடைத்தது. அதில் கடையின் முத்திரை இருந்தது, மெஷினின் இலக்கம் இருந்தது, திகதியும் இருந்தது. பழுது பார்ப்பவர் தன் கணக்குக்காக எழுதிய காகிதம் அது. அதைப் போட்டோ கொப்பி எடுத்து, வாங்கிய நாள், பழுதான நாள், கடைக்குப் போன நாட்கள், ஒவ்வொரு முறையும் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதினோம். திட்டவுமில்லை, அழவுமில்லை. "வேறு மெஷின் தாருங்கள், அல்லது சல்லியைத் திருப்பித் தாருங்கள்" என்று கடைசியில் தெளிவாகக் கேட்டோம். கடைக்கு ஒரு பிரதி பதிவுத் தபாலில் போனது. எண்பத்தாறாம் நாள் வொக்ஷோல் வீதிக்கு நாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக் கொண்டதற்கு அத்தாட்சியும் வாங்கினோம். வக்கீல் யாரும் தேவைப்படவில்லை. கடிதம் தமிழில்தான் இருந்தது.

விசாரணைக்கு அழைப்பு வரும் முன்னரே கடை முதலாளி டெலிபோன் எடுத்தார். கோபமாகக் கதைக்கவில்லை. நடந்தது தனக்குத் தெரியாது என்றார். உண்மையாகவும் இருக்கலாம், அல்லாஹ்தான் அறிவான். மேலதிகமாக ஒரு தொகை கட்டி, நாள் முழுக்க ஓடக்கூடிய மெஷின் ஒன்றை எடுத்துக் கொள்ளும்படி சொன்னார். சகோதரி சம்மதித்தார். புதுமெஷின் ஓடுகிறது. ஆனால் அந்தப் பெருநாள் போனது போனதுதான். திருப்பிக் கொடுத்த துணிகளில் மூன்று வீட்டார் இன்னும் அவரிடம் வரவில்லை. முதல் பழுதன்றே எழுதியிருந்தால் இந்த நஷ்டமும் வந்திராது.

"தெரிந்தவரிடம் பில் கேட்பது மரியாதைக் குறைவு" என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. மார்க்கத்திலிருந்து வரவில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வது பற்றியும், வியாபாரத்துக்குச் சாட்சி வைப்பது பற்றியும்தான் அது கதைக்கிறது. எழுதுவது சந்தேகத்தால் அல்ல, பிற்காலத்தில் மனஸ்தாபம் வராமல் இருக்கவே. குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை "கியாருல் ஐப்" என்று பிக்ஹு நூல்கள் சொல்கின்றன. நம் ஷாபிஈ மத்ஹபில், குறை தெரிந்தவுடனேயே தாமதிக்காமல் திருப்ப வேண்டும், தெரிந்த பின்னும் பாவித்துக் கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடும் என்பது சட்டம். மார்க்கமும் நாட்டுச் சட்டமும் இங்கே ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: சுணங்காதே!

நம் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். தையல் விட்டால் உடனே மெஷினைக் குறை சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் ஊசியின் தட்டையான பக்கம் பின்னால் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் தையல் விழாது. ஊசி முனை மழுங்கியிருந்தாலும், துணிக்குப் பொருந்தாத ஊசி போட்டாலும் இதே கதைதான். ஊசி இறங்கி ஏறும்போது மேல்நூலில் ஒரு சின்ன வளையம் உண்டாகிறது. கீழே சுற்றும் கொக்கி சரியான நேரத்தில் வந்து அதைப் பிடிக்க வேண்டும். புது ஊசியை ஒழுங்காகப் போட்ட பிறகும் தையல் விடுகிறதென்றால், அந்த நேரம் பிசகியிருக்கலாம். அது உங்கள் கைப்பிழையல்ல. அதை நீங்களே கழற்றித் திருத்த வேண்டாம். வெளியில் வேறு பாஸிடம் கொடுத்துக் கழற்றவும் வேண்டாம். கழற்றிய அடையாளம் கண்டால், வாரண்டி இல்லை என்று சொல்லக் கடைக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

மூன்று மாதம் கடந்துவிட்டவர்கள் என்ன செய்வது? மனமுடைய வேண்டாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி ஊர்களில் மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. இரண்டு பக்கத்தாரையும் இருத்திக் கதைத்து, இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். கட்டாயமாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் நாலு பேர் முன்னிலையில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றால், பல கடைக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

இனிமேல் எந்தச் சாமான் வாங்கினாலும், கடையை விட்டு இறங்கும் முன்னர் மூன்று காரியம் செய்யுங்கள். கடையின் பெயரும் திகதியும் உள்ள பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. வாரண்டி காட்டை உங்கள் கண் முன்னாலேயே நிரப்பி முத்திரை குத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கலண்டரில் மூன்று மாதம் முடியும் நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் பழுது வந்தால், முதல் தடவையே எழுத்தில் கொடுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லாப் பில்களையும் போட்டு வைத்திருக்கிறார். போன கிழமை மகன் மீன் வாங்கி வந்தபோது, "பில் எங்கே மகன்?" என்று கேட்டாராம். மீனுக்குக்கூடவா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.