மவுத் ஆர்கனுக்கு ஏற்ற மைக் எது?

"எத்தனை குழாய் கட்டுவீங்க? எத்தனை வாட்ஸ்?" எங்கள் தாயில்பட்டிப் பக்கம் பொங்கல் விழாவுக்கு மைக்செட் பேசப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை இரண்டே. யார் பாடப் போகிறார்கள், எந்தக் கருவி ஒலிக்கப் போகிறது என்று எவரும் கேட்பதில்லை. சத்தம் வேறு, இசை வேறு என்பதை நாம் என்று உணரப் போகிறோம்?

என் அனுபவத்தையே சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பொங்கல் மேடையில் நான் மவுத் ஆர்கன் வாசித்தேன். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் என் தந்தை தம் வாரச் சம்பளத்தில் வாங்கித் தந்த கருவி அது. மைக்கை வாயருகே கொண்டு சென்று பொத்தியதும் குழாய்கள் ஊளையிட்டன. சிறுவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாட்டை முடிக்காமலே இறங்கினேன். வீட்டில் அப்பா சொன்னார்: "மைக் சத்தந்தான்யா கேட்டுச்சு. நீ வாசிச்சது கேக்கலையே." அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. குற்றம் என் மூச்சிலா, மைக்கிலா?

தேடிப் படித்தபோது விடை கிடைத்தது. மேடை மைக்குகளில் பெரும்பாலானவை முன்புற ஒலியை வாங்கி, பின்புற ஒலியைத் தள்ளும் வகையின. அதற்கென்றே வலைத் தலையின் கீழ்ப்பகுதியில் காற்றுவழி உண்டு. நான் அதையும் சேர்த்துப் பொத்திவிட்டேன். வழி அடைபட்டதும் மைக் எல்லாத் திசை ஒலியையும் வாங்கியது. குழாயில் வந்த ஒலியே மீண்டும் மைக்கில் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையாயிற்று. மேலும், கூம்புக் குழாய் அடித்தொனியைத் தருவதில்லை. நடுத்தொனியைத் தூரத்துக்கு எறியும். அறிவிப்புக்கு அது நன்று. சிறிய மவுத் ஆர்கனையோ கீச்சிட வைத்துவிடும்.

அப்படியானால் பொத்திப் பிடிப்பதே தவறா? இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் கறுப்பின மக்களின் 'ப்ளூஸ்' இசையில் அதுவே ஒரு கலை. தென் மாநிலப் பருத்திக் காடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளிகளின் இசை அது. மின்கிதாரின் ஓசையில் பத்துத் துளைக் கருவி அமுங்கிப் போகவே, லிட்டில் வால்டர் போன்றோர் எளிய மைக்கைக் கருவியோடு சேர்த்துக் கைக்குள் பொத்தி, வால்வு ஆம்ப்ளிபயரில் இணைத்தார்கள். ஆம்ப்ளிபயர் திணறும்போது பிறக்கும் கரகரப்பு, அந்தச் சிறு கருவிக்குச் சாக்ஸபோனின் கனத்தைத் தந்தது. 1952இல் அவர் பதிவு செய்த 'ஜூக்' பெரும் வெற்றி கண்டது. இவ்வகை வாசிப்புக்குப் பெயர் பெற்ற குண்டு மைக்குகள்கூட, அறிவிப்புக்கும் வானொலித் தொடர்புக்கும் செய்யப்பட்டவைதாம்! விலையன்று, வாட்ஸும் அன்று. தன் இசைக்கு எது வேண்டும் என்ற தெளிவே அவரை உயர்த்தியது.

நமக்கு வேண்டியது வேறு. 1958இல் வந்த 'சோல்வா சால்' என்ற இந்திப் படத்தில் ஆர்.டி. பர்மன் வாசித்த மவுத் ஆர்கனைக் கேளுங்கள். அதற்குக் கரகரப்பு ஆகாது, தெளிவுதான் அழகு. எங்கள் ஊருக்குத் தெற்கே கோவில்பட்டியில் வாழ்ந்தவர் காருகுறிச்சி அருணாசலம். 1962இல் வெளியான 'கொஞ்சும் சலங்கை'யில் அவருடைய நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் இணைந்து ஒலிக்கின்றன. திறந்தவெளியை நிரப்பும் கருவி ஒன்று, மென்குரல் ஒன்று. ஒன்றை ஒன்று விழுங்கவில்லையே! கலைஞர்களின் திறமையோடு ஒலிப்பதிவாளரின் காதும் அதற்குக் காரணம் அல்லவா?

சென்ற பொங்கலில் மைக்செட்காரரிடம் பணிவாகக் கேட்டு, குழாய்க்குப் பதில் இரண்டு பெட்டி ஒலிபெருக்கிகளை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்க்க வைத்தோம். மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டு, ஒரு சாண் தள்ளி நின்று வாசித்தேன். ஊளையில்லை. அப்பா கடைசி வரிசையில் கடைசிப் பாட்டு வரை நின்றிருந்தார்.

நம் கல்லூரி விழாக்களுக்கும் இதையே வேண்டுகிறேன். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பது சோதனை ஆகாது. விழாவுக்கு அரைமணி முன்பாகப் பாடுவோரும் வாசிப்போரும் மேடையேறிப் பார்க்கட்டும். பேராசிரியர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. இனி மைக்செட் பேசப் போகும் நண்பர்களே, வாட்ஸைப் பிறகு கேளுங்கள். வாசிக்கப் போகிறவனை முதலில் கேளுங்கள்!