தலை எண்ண மட்டும் நாங்களா?

நாட்டில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், கிழடுகட்டைகள் பெருகிவிட்டார்களாம். மேடைக்கு மேடை கவலை. கணக்கு பொய்யில்லை. 2011லேயே தமிழ்நாட்டில் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகள் நூற்றுக்குப் பத்துப் பேர். அறுபதைத் தாண்டியவர்களும் நூற்றுக்குப் பத்துப் பேர். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கில் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளைதான். தலை குறைந்தால் தொகுதி மறுவரையறையில் எம்.பி. இடம் குறையும் என்ற பேச்சு கிளம்பியபோது, 2024 அக்டோபரில் ஒரு திருமண மேடையில் முதலமைச்சர் ஸ்டாலின், பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று கேட்டார்.

யாரைப் பார்த்துக் கேக்குறீங்க? நேத்துவரைக்கும் எங்க சேரியைக் காட்டி ‘இவனுக பெத்துப் பெத்துத்தான் நாடு கெட்டுச்சு’ன்னு பேசின ஊர்தானே இது? எமர்ஜென்சியில் (1975-77) வடக்கே ஆள்பிடித்து அறுத்தபோது சிக்கியது பண்ணையார் இல்லை, ஏழை சனம். தமிழ்நாட்டில் கத்தி பெண் வயிற்றுக்கே போனது. அதே 2019-21 கணக்கில் கல்யாணமான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ஆபரேசன் செய்துகொண்டவர்கள். ஆண் ஆபரேசன் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தையல் ஆறுமுன்னே களையெடுக்கக் குனிஞ்சவ எங்க ஆத்தா.

கருத்தடைக்கு நாங்கள் எதிரி இல்லை. 1938ல் பம்பாய் சட்டசபையில் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி அதற்கு வசதி கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தது, தோற்கடித்தார்கள். பெரியார் பெண் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை கேட்டார். பெறுகிறவள் படும் பாட்டைப் பார்த்துப் பேசியவர்கள் அவர்கள். நீங்கள் தொகுதிக் கணக்கைப் பார்த்துப் பேசுகிறீர்கள்.

சரி, எண்ணுறதுக்கு எங்க பிள்ளை வேணும். அது வளந்து நாற்காலியில உக்காந்தா? மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் 1997ல் வெட்டிச் சாய்த்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித்தை நிற்க விடாமலும், ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்யவைத்தும் 1996 முதல் 2006 வரை பத்து வருசம் ஓட்டினார்கள்.

கிழடுகளைப் பற்றியும் கவலையாம். 2023ல் முதியோர் பணத்தை 1,000லிருந்து 1,200 ஆக்கினார்கள். காலமெல்லாம் நாத்து நட்ட கைக்கு ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். அவளுக்கு ஏது ரிட்டயர்மெண்ட்?

பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் முதலில் பதில் சொல்லுங்கள்: அந்தப் பிள்ளைக்குப் பொதுப்பாதை உண்டா, பொதுச்சுடுகாடு உண்டா, ஊராட்சி நாற்காலி உண்டா? இதுக்குப் பதில் சொல்லாம எங்க பொம்பளைக வயித்தைப் பத்திப் பேச எவனுக்கும் உரிமை கிடையாது. ரெண்டோ, ஒண்ணோ, வேண்டாமோ, அதை அவ சொல்லுவா.