உதவி செய்யவும் படிக்க வேண்டுமா?

உங்கள் வீட்டுப் பெண் பி.ஏ. முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் சில நாள் வகுப்பு. இரண்டு நாள் 'களப்பணி'. விடிந்ததும் விடியாததுமாக டிபன் டப்பாவுடன் செங்கற்பட்டு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறாள். மாலையில் முகம் கறுத்து, செருப்பெல்லாம் புழுதியாகத் திரும்புகிறாள். "நாலு பேருக்கு நல்லது செய்ய ஒரு பட்டமா? உன் பாட்டி எந்தக் காலேஜில் படித்துவிட்டு ஊருக்கெல்லாம் உதவினாள்?" என்று கேட்க உங்களுக்கு நாக்குத் துடிக்கும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாட்டி உதவியது தெரிந்தவர்களுக்கு. எந்த வீட்டில் என்ன குறை என்பது அவளுக்கு மனப்பாடம். இந்தப் பெண் போவதோ முன்பின் அறியாதவர் வாசலுக்கு. அங்கே என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்வதே பெரிய வித்தை.

நம் நாட்டில் இந்தப் படிப்பு 1936-ல் பம்பாயில், டாட்டா பெயரால் அமைந்த கல்விச்சாலையில் தொடங்கியது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சமூகப் பணிப் பள்ளி பிறந்தது. புத்தகம் ஒரு பாதி, களம் மறு பாதி என்பதுதான் இந்தப் படிப்பின் லட்சணம்.

களத்தில் அப்படி என்ன பாடம் என்கிறீர்களா? செங்கற்பட்டை அடுத்த திருமணியை எடுத்துக்கொள்ளுங்கள். லேடி வில்லிங்டன் பெயரால் இருந்த தொழுநோய் மருத்துவமனையை 1955-ல் மத்திய அரசு ஏற்று, பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமான நிலையமாக்கிய ஊர் அது. தொழுநோய்க்கு இன்று நல்ல மருந்து உண்டு. 1982-ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். அதுவும் இலவசம். ஆனால் நெடுநாள் மரத்துப்போன கை கால்களுக்கு உணர்ச்சி திரும்புவதில்லை. கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினாலும் சுடாது. காலில் முள் ஏறினாலும் தெரியாது. புண் வந்த பிறகே கண்ணில் படும். அதற்காகவே மெத்தென்ற ரப்பர் வைத்த தனிச் செருப்புக் கொடுக்கிறார்கள்.

அதை வாங்கிவந்த ஓர் அம்மாள் பரணில் போட்டுவிடுகிறாள் என்று வையுங்கள். களப்பணியில் இது சகஜம். புதிதாகப் போன மாணவி செருப்பின் மகிமையை அரைமணி நேரம் விளக்குகிறாள். அம்மாளும் தலையாட்டுகிறாள். அடுத்த வாரமும் செருப்பு பரணில்தான்! மாணவி எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு வழிகாட்டும் ஆசிரியை கேட்கிறார்: "நீ பேசியதெல்லாம் இருக்கிறது. அந்த அம்மாள் பேசியது எங்கே?"

மூன்றாம் முறை மாணவி வாயை மூடிக்கொண்டு உட்காருகிறாள். அப்போதுதான் விஷயம் வெளிவருகிறது. "அந்தச் செருப்பைப் பார்த்தாலே எனக்கு என்ன வியாதியென்று தெருவுக்கே தெரிந்துபோகும். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிறேன், அம்மா!"

வீண் பயமா இது? கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க 2019 வரையில் சட்டமே இடம் கொடுத்திருந்ததே! அந்த வருஷம்தான் பார்லிமெண்டு அதை நீக்கியது. அதே ரப்பரைச் சாதாரணச் செருப்பின் உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தால் அந்த அம்மாள் போட்டுக்கொள்வாள். மாணவி முதல் நாளே கேட்டிருந்தால் அந்த யோசனை அன்றே பிறந்திருக்கும்.

கேட்காமல் செய்யும் உதவி என்ன ஆகும் என்பதைக் கடலோரத்திலும் பார்த்தோம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்த பிறகு, தமிழ்நாட்டுக் கரைக்குப் பழைய துணி லாரி லாரியாக வந்து, தொடுவாரின்றிச் சாலையோரம் கிடந்தது. அனுப்பியவர்களின் மனத்தில் ஒரு குறையும் இல்லை. கேட்டு அனுப்பவில்லை, அவ்வளவுதான். இன்றும் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் காலைப் பத்து மணிக்குப் பெண்கள் கூட்டம் போட்டுப் பாருங்கள். கூடை தூக்கி மீன் விற்கப் போனவர்கள் எப்படி வருவார்கள்? ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பினால் ஊரில் பாதியைத்தான் கேட்டதாகும். அங்கே உட்காருகிறவர்கள் ஆண்கள்தானே!

இந்த ஜில்லாவில் இருளர் குடும்பங்களும் இருக்கின்றன. பிள்ளை மேலே படிக்கப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதில் கையெழுத்திடுபவர் தாசில்தார் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர் என்பதை மாணவி அறிந்திருக்க வேண்டும். அறிந்தபின், மனுவைத் தானே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரலாம், சுலபமான வேலை. ஆனால் தாயைக் கூட அழைத்துப்போய், அவளே அதிகாரியிடம் பேசும்படி செய்தால், அடுத்த பிள்ளைக்கு அவள் யாருக்கும் காத்திருக்க மாட்டாள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. மாணவிக்கு இது பாடம். அந்த மக்களுக்கோ வாழ்க்கை. பரீட்சை வந்ததும் அவள் போய்விடுவாள். ஆகையால் 'இன்ன மாதம்வரைதான் வருவேன்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடியாததை வாக்களிக்கக் கூடாது. ஆரம்பித்த வேலையை யார் தொடர்வார் என்று ஏற்பாடு செய்துவிட்டே விடைபெற வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண் களைத்து வந்து உட்கார்ந்ததும், "யார் வீட்டுக்குப் போனாய்? அவர்களுக்கு என்ன கஷ்டமாம்?" என்று துருவாதீர்கள். பிறர் நம்பிச் சொன்னதை வீட்டில்கூடச் சொல்லாமலிருப்பது அவள் கற்கும் தொழிலின் தர்மம். சூடாக ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரச் சற்றுத் தாமதமானால் காத்திருங்கள்.