தூரிகைக்குக் கூலி இல்லையா?

கோபாலபுரத்தில் காதுகுத்தா, கல்யாணமா, தலைவர் பிறந்த நாளா? இப்போது ஓவியரைத் தேடுவார் இல்லை. வீட்டுப் பையன் கைப்பேசியைத் தட்டுகிறான். மாமா படம், மாப்பிள்ளை படம், நடுவே ஒரு ரோஜாப்பூ. பேனர் தயார்! அச்சடிக்கச் சில மணி நேரம் போதும்.

வேலை சுலபமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால், அந்த வேலையையே நம்பி வாழ்ந்தவர் என்ன ஆனார்?

கட்டம் போட்ட துணி

முன்பு பேனர் என்றால் துணி. சிறிய புகைப்படத்தின் மேல் ஓவியர் கட்டம் போடுவார். துணியிலும் அதே கணக்கில் பெரிய கட்டம். பிறகு கட்டம் கட்டமாக முகத்தை எழுப்புவார். கிட்டே நின்றால் வெறும் வர்ணத் தீற்றல். தெருவின் மறுபக்கம் போனால் ஆளே நிற்பார்! குருவிடம் வர்ணம் குழைத்துக் கற்ற வித்தை அது. 1957-ல் 'வணங்காமுடி' படத்துக்குச் சென்னை சித்ரா தியேட்டரில் சிவாஜி கணேசனின் 80 அடி கட்-அவுட் எழும்பியது. அதைச் செய்தது மோகன் ஆர்ட்ஸ்.

கோபாலபுரத்தில் கலைஞர் கருணாநிதியின் இல்லம். சற்றுத் தள்ளி, அவ்வை சண்முகம் சாலையில், அ.தி.மு.க. தலைமை அலுவலகம். கட்சி இரண்டு. இரண்டுக்கும் படம் எழுதியது தூரிகைதான்.

2000-க்குப் பிறகு பிளெக்ஸ் பரவியது. தூரிகை ஓய்ந்தது. 2009-ல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் பண்பாட்டுச் சித்திரங்கள் எழுத வைத்தபோது, பேனர் ஓவியர்களுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. சுவர் நிறைந்தது. வேலையும் முடிந்தது.

மலிவின் விலை

மலிவாகக் கிடைத்தால் அளவு தெரிவதில்லை. துணியில் ஒன்று எழுதும் நேரத்தில் பிளெக்ஸில் நூறு அச்சாகும். நூறையும் நிறுத்தத் தெரு வேண்டுமே! 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் திருமண பேனர் ஒன்று சரிந்தது. ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண் கீழே விழுந்து, லாரியில் சிக்கி உயிரிழந்தார்.

போட்டோகிராபர் கதையும் ஏறக்குறைய இதுதான். "எல்லார் கையிலும் போன் இருக்கிறது. உனக்கு ஏன் இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறார்கள். அடுப்பும் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. அதற்காகக் கல்யாணச் சமையற்காரரின் கூலியைக் குறைப்பார் உண்டா?

யந்திரத்தைத் தடுக்க முடியாது. டிஜிட்டல் காமிராவை 1975-ல் முதலில் செய்து பார்த்தது கோடக் கம்பெனி. அந்தக் கோடக்கே 2012-ல் திவால் மனுக் கொடுத்தது. ஊட்டியில் 1960-ல் அரசு தொடங்கிய பிலிம் தொழிற்சாலையும் மூடப்பட்டது. பிலிம் போய்விட்டது. ஆனால், எந்த நொடியில் பொத்தானை அழுத்துவது என்று அறிந்த கண்ணுக்கு மாற்று வரவில்லை.

குழந்தையின் குறும்புக்குக் கைப்பேசிப் படமே போதும். தாலி கட்டும் நொடியோ திரும்பி வராது. கடையின் பெயர்ப் பலகையும் பல வருஷம் நிற்க வேண்டியது. அவற்றுக்குத் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். அந்தக் கூலியில்தான் இன்னொரு பையன் அந்தத் தொழிலைக் கற்க வருவான்.