கடத்தி வந்த துபாஷி

ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றிவிட்டு, கீழே சென்னை-திருச்சி சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த இளைஞர் பேச்சுவாக்கில் கேட்டார்: "சார், டிராயிங்கை சி.என்.சி. கோடா மாத்தறதுக்கு எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?" மச்சானோடு சேர்ந்து கடன் வாங்கி, கதவில் பூவேலை செய்ய ரூட்டர் மெஷின் போட்டிருக்கிறாராம். பையில் ஒரு பென் டிரைவ். உள்ளே லட்ச ரூபாய் சாஃப்ட்வேர். ஐந்நூறுக்குக் கிடைத்த 'கிராக்' சரக்கு!

கேள்வியே தப்பு என்றால் கோபித்துக்கொள்வீர்கள். பரவாயில்லை, கோபித்துக்கொள்ளுங்கள்.

1751-ல் இந்தக் கோட்டைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்ட காலத்தில் துபாஷிகள் இருந்தார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது, ஊருக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்றவர் சொன்னதே வேதம். கேம் சாஃப்ட்வேரும் துபாஷிதான். இந்தப் பக்கம் உங்கள் படம். அந்தப் பக்கம் ஜி-கோடு மட்டுமே புரிகிற மெஷின். துபாஷியின் ஜரிகைத் தலைப்பாகையையா பார்ப்பீர்கள்? உங்கள் மெஷினின் பாஷை அவருக்குத் தெரியுமா என்றல்லவா கேட்க வேண்டும்! அதற்குப் பெயர் 'போஸ்ட் பிராசஸர்'. ஜி-கோடிலும் வட்டார வழக்கு உண்டு; கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் மாறும். உங்கள் கன்ட்ரோலரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையா? எவ்வளவு பெரிய சாஃப்ட்வேரானாலும் உங்களுக்கு அது தண்டம்.

அடுத்து, துபாஷி சொல்வது நிஜமா என்று பார்க்க நமக்கும் நாலு வார்த்தை தெரிய வேண்டாமா? ஜி00 என்றால் வேகமாக நகர். ஜி01, வெட்டிக்கொண்டே நேராகப் போ. ஜி02, ஜி03 வளைவுக்கு. எம்03 சுற்று, எம்05 நில். ஜி20 அங்குலம், ஜி21 மில்லிமீட்டர். இந்தக் கடைசி இரண்டில் கோட்டைவிட்டால் 10 மில்லிமீட்டர் பூ 254 மில்லிமீட்டராகப் பூக்கும். மரம் போச்சு, டூல் போச்சு. ஒரு வாரத்துப் பாடம் இது. இதை விட்டுவிட்டு எந்த பட்டனை அமுக்குவது என்று மூன்று மாதம் சொல்லிக்கொடுத்து ஃபீஸ் வாங்குகிறவர்களை என்னவென்று சொல்ல!

ஆரம்பக்காரருக்குப் பெயர்ப்பலகை, கோலம், ஜாலி வேலைக்கு இங்க்ஸ்கேப், ஃப்ரீகேட் போதும். இரண்டும் சட்டப்படியே இலவசம். (தமிழ் எழுத்தை முதலில் 'பாத்'தாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு கம்ப்யூட்டரில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.) சாமி உருவம் மாதிரி மேடுபள்ள வேலைக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டி வரலாம். ஆர்டர் வரட்டும், அப்புறம் வாங்குங்கள்.

எதையும் நிரந்தரம் என்று நம்பாதீர்கள். ஃப்யூஷன் 360-ன் தனிநபர் இலவச உரிமத்திலிருந்து 2020-ல் ஜி00-ஐயே பிடுங்கிக்கொண்டார்கள். சும்மா நகரும்போதுகூட வெட்டுகிற வேகம்தான். காசுக்கு விற்ற ஆர்ட்கேம் கதையும் அதுதான். மரவேலைக்காரர்கள் பலர் நம்பியிருந்த அதன் விற்பனையை அதே ஆட்டோடெஸ்க் 2018-ல் நிறுத்தியது. அதனால் படங்களை டி.எக்ஸ்.எஃப்., எஸ்.வி.ஜி. போன்ற பொது வடிவத்திலும் ஒரு காப்பி வைத்திருங்கள்.

கிராக்? அது கடத்திக்கொண்டு வந்த துபாஷி. தப்பாகச் சொன்னால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? கூடவே வைரஸையும் கூட்டி வந்திருந்தால்? கடன் வாங்கிய மெஷினை அதன் கையில் கொடுப்பது சிக்கனமல்ல, சூதாட்டம்.

இதே பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே உளி பிடிக்கும் ஒருவரிடம் "எந்த உளி பெஸ்ட்?" என்று கேட்டுப் பாருங்கள். "என்ன மரம்? என்ன வேலை?" என்று திருப்பிக் கேட்பார். அதுதான் சரியான கேள்வி.

இளைஞரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு தெர்மோகோல் துண்டை மெஷினில் வையுங்கள். கையால் எழுதிய பத்து வரி கோடில் ஒரு சதுரம் வெட்டுங்கள். அது சரியாக வந்துவிட்டால், எந்த சாஃப்ட்வேர் என்று என்னைக் கேட்க மாட்டீர்கள்.