எங்கள் கடைகளின் பின்னறையும் எங்கள் உடல்நலமும்



சில வருடங்களுக்கு முன்னர் ஹாலேயில் எனது மருத்துவ நிலையத்துக்கு ஒரு தமிழ்த் தம்பி தொடர் சிகிச்சைக்காக வந்தார். உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்பவர். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குரிய திரவத்தின் கான் ஒன்றில் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. முதலாளி அதை வீணாக்க மனமில்லாமல் வெறும் தண்ணீர்ப் போத்தலொன்றில் ஊற்றி மூலையில் வைத்துவிட்டார். சனிக்கிழமை இரவு, கடை நிறைய ஆட்கள், அடுப்படியில் வெக்கை. தம்பி தாகத்தில் எடுத்து ஒரு மிடறு விழுங்கிவிட்டார். அந்தத் திரவம் கடுமையான காரம். உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கிப்போனது. மாதக்கணக்கில் வைத்தியசாலைக்குப் போய்க் குழாயை விரித்துவிட்டால்தான் அவரால் சோறு விழுங்க முடிந்தது.

முதலாளி கெட்டவர் அல்ல, அழுதார். ஆனால் உணவோடு மாறுபடக்கூடிய போத்தலில் இரசாயனத்தை வைப்பது ஜேர்மன் சட்டப்படி தடை. அது அவருக்கும் தெரியாது, வேலையாளுக்கும் தெரியாது.

இப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காரமோ அமிலமோ ஏறிவரும்போது மறுபடியும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, சில மிடறு தண்ணீர் மட்டும் கொடுத்து 112ஐ அழையுங்கள். எந்தக் கானிலிருந்து வந்ததோ அந்தக் கானையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஆபத்தான கழிவு என்றதும் எம்மவர்களுக்குப் பெரிய தொழிற்சாலைதான் நினைவுக்கு வருகிறது. ஹாலேயைச் சுற்றி இருப்பவர்களுக்கு அது இன்னும் இலகு. ஷ்கோபாவின் பூனா, பிற்றர்ஃபெல்ட், வொல்ஃபன் படச்சுருள் ஆலையின் கழிவு கொட்டப்பட்ட 'வெள்ளி ஏரி' என்று கதை நீளும். "எங்கள் சின்னக் கடையில் என்ன இருக்கிறது, டொக்டர்?" என்று கேட்பார்கள். கடையின் பின்னறையைத் திறந்து பாருங்கள். அடுப்புக் கறை நீக்கி, குளோரின் கலந்த கிருமிநாசினி, அரைவாசி தீர்ந்த பெயின்ற் டின்கள், ஸ்பிரே டப்பாக்கள், பழைய பற்றரிகள், விநியோக வானிலிருந்து எடுத்த என்ஜின் எண்ணெய், கழற்றி வைத்த ரியூப் லைற்றுகள். இவை மிஞ்சினாலும் பழுதானாலும் ஆபத்தான கழிவுதான்.

சுன்னாகத்தை நாம் மறக்கவில்லை. கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது இங்கிருந்தெல்லாம் கோபப்பட்டோம், கையெழுத்து வைத்தோம். 2019 ஏப்ரல் 4 அன்று இலங்கை உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி நிறுவனமான நொதேர்ன் பவர் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது வெடிப்புகளுக்குள்ளால் கீழே தண்ணீருக்குப் போய்ச் சேரும். ஊர்க் கிணற்றுக்காக அவ்வளவு வேதனைப்பட்ட நாமே, இங்கே கடையின் பின்புறத்தில் என்ஜின் எண்ணெயை மழைநீர்க் கானில் ஊற்றுகிறோம் என்றால் அதற்கு என்ன பெயர்? நான் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன்.

அந்த எண்ணெயை ஊற்றவேண்டிய அவசியமே இல்லை. ஜேர்மனியில் என்ஜின் எண்ணெய் விற்பவர், நீங்கள் வாங்கிய அளவுக்குப் பழைய எண்ணெயை இலவசமாகத் திருப்பி எடுக்கக் கடமைப்பட்டவர். பற்றுச்சீட்டை வைத்திருங்கள், வேறு எதையும் அதில் கலக்காதீர்கள். வாகனப் பற்றரிக்கு 7.50 யூரோ வைப்புப்பணமும் உண்டு. சிறிய பற்றரிகளை அவற்றை விற்கும் கடைகளே ஏற்கும்.

மற்றவைக்குத்தான் கொஞ்சம் சிரமம். நகரின் நச்சுக்கழிவு வண்டி வீடுகளுக்கானது. கடைக் கழிவை வீட்டுக் கழிவு என்று பொய் சொல்லிக் கொடுப்பது எமது சிலரின் பழக்கம், அது சரியல்ல. சிறு வர்த்தகங்களிடமிருந்து சிறிய அளவைக் கட்டணத்துக்கு ஏற்கும் நகரங்கள் பல உண்டு. உங்கள் நகரக் கழிவு ஆலோசனைப் பிரிவிடம் கேளுங்கள். ஹாலேயில் கழிவகற்றலைச் செய்வது 'ஹாலெஷே வாசர் உண்ட் ஸ்ரட்விர்ட்ஷாஃப்ட்'. வருடத்துக்கு மொத்தம் 2000 கிலோவுக்கு மேற்படாத ஆபத்தான கழிவு உள்ளவர்களுக்கு, பெரிய நிறுவனங்களுக்குள்ள சிக்கலான ஆவண நடைமுறை இல்லை. ஒப்படைத்ததற்கான சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்தினால் போதும். எங்கள் கடைகளில் அந்த அளவு வரவே வராது. மாறாக, சட்டவிரோதமாகக் கொட்டினால் குற்றவியல் சட்டத்தின் 326ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

கட்டணம் அதிகம் என்று முறைப்பாடு சொல்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மிஞ்சும் அளவுக்கு ஏன் வாங்குகிறீர்கள்? மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்து கான் வாங்கி, இரண்டைக் காலாவதியாக விட்டு, பிறகு எங்கே எறிவது என்று யோசிப்பதை நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

மிஞ்சியவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ரொய்லற்றில் ஊற்றுவதுதான் எனக்கு மிகவும் பயம். குளோரின் திரவமும் கல்லுப்படிவு நீக்கும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். உடனே இருமல் வரும், பிறகு குறைந்ததுபோல் இருக்கும். ஆனால் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கட்டலாம். ஆகவே "இப்போ சுகம்" என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள், வைத்தியசாலைக்குப் போங்கள். அதை ஊற்றுபவர் பெரும்பாலும் முதலாளி அல்ல. மொழி தெரியாமல் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை, அல்லது காலையில் துப்புரவுக்கு வரும் ஒரு அக்கா.

ரியூப் லைற்றுகளைப் பற்றியும் இப்போதே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வழக்கமான ரியூப் லைற்றுகளைப் புதிதாகச் சந்தைக்கு விடுவது 2023 ஆகஸ்டுடன் நின்றுவிட்டது. எல்லாரும் எல்ஈடிக்கு மாறுகிறோம், கழற்றியவை பின்னறையில் சாத்திக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைக்காமல், அட்டைப்பெட்டியில் வைத்து நகரச் சேகரிப்பு நிலையத்தில் கொடுங்கள். உடைந்துவிட்டால் யன்னலைத் திறந்து எல்லாரும் வெளியே போங்கள். கால்மணி நேரம் கழித்து வந்து, கையுறை போட்டு, மட்டையால் கூட்டி, ஒட்டுநாடாவால் தூளை ஒற்றி எடுத்து மூடியுள்ள போத்தலில் போடுங்கள். வக்யூம் கிளீனர் வேண்டாம், அது பாதரசத்தைக் காற்றில் பரப்பும்.

கான்களில் ஒட்டியிருக்கும் ஆபத்துக் குறிகளையும் சிறிய எழுத்துகளையும் வாசிக்கக் கடினமென்றால் வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதிப் பின்னறைச் சுவரில் ஒட்டுங்கள். வேறு மொழி பேசும் வேலையாட்கள் இருந்தால் அவர்களின் மொழியிலும் ஒட்டுங்கள்.