இத்தாவும் இழப்பீட்டு மனுவும்

கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர் மூவர் இறந்தனர். தமிழக அரசும் ரயில்வேயும் நிவாரணத் தொகை அறிவித்தன. இத்தகைய தொகை கிடைத்ததும் காரியம் முடிந்தது என்று எண்ணுவோர் நம்மில் பலர். நிவாரணம் அரசு பரிவுடன் தருவது. இழப்பீடு சட்டப்படி கேட்டுப் பெறவேண்டிய உரிமை.

சாலை விபத்துகளில் இந்த வேறுபாடு தெரியாமையால் விளையும் நட்டம் பெரிது. குடும்பத் தலைவர் மௌத்தான மூன்றாம் நாளே பெரியவர்கள் கூடி, வாகனக்காரரிடம் ஓரிரண்டு இலட்சம் வாங்கித் தந்து, 'இனி வழக்கில்லை' என்று கையெழுத்தும் வாங்கிவிடுவதுண்டு. நல்லெண்ணந்தான், ஆயினும் கணக்கைப் பாருங்கள்.

34 வயதில் சொந்தத் தொழில் செய்து மாதம் 15,000 ரூபாய் ஈட்டியவர். மனைவி, இரு பிள்ளைகள், தாயார் அவரை நம்பியிருந்தனர் என்று கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறைப்படி, எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்காகக் காற்பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவ்வயதுக்குரிய பெருக்கல் எண் 16. ஆக, 30,24,000 ரூபாய்! வருமானச் சான்று இல்லையேல், அல்லது இறந்தவர் மீதும் தவறு இருப்பின், இது குறையும். இல்லத்தரசி இறந்தாலும் அவரது உழைப்பை வருமானமாகவே மதிக்கவேண்டும் என 2021இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

'மரணம் இறைவிதி, அதற்கு விலை பேசலாமா?' எனச் சிலர் தயங்குகின்றனர். தவறுதலாக நேர்ந்த கொலைக்கும், குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலன்றி, தியத் உண்டென்பது அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் உள்ளது. நீதிமன்ற இழப்பீடு அதுவேயன்று. எனினும் தயக்கத்திற்கு இடமில்லை.

நல்லடக்கத்தை விரைவுபடுத்தும் ஆவலில் பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்க முயல்வதும் தீங்கு. அந்த அறிக்கையும் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையுமே வழக்கின் அடித்தளம். வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பின்னும் பரிசோதனை செய்ய 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்துள்ளது. ஆதலால் முதலில் அதைக் கேளுங்கள்.

இனிக் காலக்கெடு. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நிகழ்ந்த ஆறு மாதத்திற்குள் மனுச் செய்யச் சொல்கிறது. அக்கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. அவற்றை நம்பிக் காத்திருத்தல் அறிவுடைமையன்று. கணவனை இழந்த பெண்ணின் இத்தா நான்கு மாதம் பத்து நாள். அது முடியட்டும் என்று வீட்டார் ஒதுக்கிவைத்தால் எஞ்சுவது இரண்டு மாதத்திற்கும் குறைவே. வக்காலத்தில் வீட்டிலிருந்தே கையெழுத்திடலாம். அவர் அதிகாரம் அளித்த முகவரும், சட்டப்படியான மற்ற வாரிசுகளும் மனுச் செய்ய இயலும். தேவைக்காகப் பகலில் வெளியே செல்ல ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் இடமுண்டு.

சென்னையில் விபத்து நடந்திருப்பினும், மனுதாரர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். தவறு யாருடையது என்று நிறுவாமலே 5 இலட்சம் பெறும் வழியும் உண்டு. ஆனால் அதனை ஏற்றால் பெரிய மனு காலாவதியாகும். வழக்கறிஞரைக் கேளாமல் ஒப்பவேண்டாம். வழக்கறிஞருக்குப் பணமில்லையெனில், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், சட்ட உதவி இலவசம். சிதம்பரத்தார் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.